அமெரிக்க விமானப்படை ஆள் சேர்க்க ஏன் காரைக் காட்டுகிறது?

படையில் சேரும் வயதுப் பிள்ளைகள் கூடுகிற இடத்துக்குப் படையே போய் நிற்பதுதான் இது. ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் ஒரு வகை. அமெரிக்காவில் 1973-இல் கட்டாய ராணுவ சேவை நின்றது. அப்புறம் ஆசை காட்டித்தான் இழுக்க வேண்டும். 2009-இல் ஒரு மஸ்டாங் காரை எக்ஸ்-1 என்ற பெயரில் மாற்றிக் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்: நடுவில் ஒரே இருக்கை, அசல் விமானி அறை மாதிரி! விமானப்படையின் வான் சாகசக் குழுவான தண்டர்பேர்ட்ஸ், எஃப்-16 போர் விமானங்களில் காட்டும் சாகசமும் இதே ரகம். இனிப்புக் கடையில் ருசி பார்க்க ஒரு துண்டு மைசூர்பாகு நீட்டுவார்களே, அதேதான்.

சரி, சேர்ந்தால் விமானம் ஓட்டலாமா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அங்கே விமானிகள் பட்டம் பெற்ற அதிகாரிகள். பள்ளி முடித்ததும் சேர்பவருக்குப் பெரும்பாலும் பழுதுபார்ப்பு, காவல், கிடங்கு போன்ற தரைப் பணிகள்தான்.