தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி ஊர்களுக்குப் பண்பாட்டை வைத்து ஒரு நகர அடையாளத்தை உருவாக்க முடியுமா?

முடியும். ஆனால் ரவுண்டானாவில் சிலை வைத்து, சுவரில் ஓவியம் வரைந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் சிக்கல். எல்லாரும் உதாரணம் காட்டுவது ஸ்பெயினின் பில்பாவோ. 1997-ல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகம்தான் ஊரைத் தூக்கி நிறுத்தியது என்பார்கள். அதற்கு முன்பே அங்கே ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டார்கள், 1995-ல் மெட்ரோவும் ஓட ஆரம்பித்துவிட்டது. அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

நம் பக்கம் வருவோம். தர்மபுரி என்றால் அதியமான், ஔவை, நெல்லிக்கனி. சரி, நல்ல கதைதான். ஆனால் இரண்டு மாவட்டங்களிலும் வயல்வெளியிலேயே கிடக்கும் சொத்து நடுகற்கள், அதாவது இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக்கற்கள். ஆநிரைச் சண்டையில், அதாவது மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில், விழுந்த வீரன் வில்லும் வாளுமாக நிற்பான், சில கற்களில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தும் இருக்கும். பல ஊர்களில் இன்றும் அதை வேடியப்பன் என்று கும்பிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். கொள்கை என்பது இங்கேதான் வருகிறது. சாலையை அகலப்படுத்தும்போது கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதா, சாலையைக் கொஞ்சம் வளைப்பதா? நான் இரண்டாவது கட்சி. தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்கள் அவசியம் பார்க்க வேண்டியவை, ஆனால் அங்கே யாரும் பொங்கல் வைப்பதில்லை.

கிருஷ்ணகிரிக்கு மாங்கனிக் கண்காட்சி ஏற்கெனவே இருக்கிறது. அதே மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். அதைக் கேட்டு வருகிறவருக்குப் பேருந்தும் கழிப்பறையும் முதலில் திட்டத்தில் வரட்டும், லோகோ அப்புறம்.