பின்னேரச் செபம்: ரீச்சரிடம் கேட்டவை

மாலைச் செபத்தை நன்றியோடும் மகிழ்ச்சியோடும் சொல்வது எப்படி என்று கேள்விகள் எழுதிப் போடச் சொல்லி, கோவில் வாசலில் ஒரு பிஸ்கட் ரின் வைத்தோம். யாரோ உண்டியல் என்று நினைத்து நூறு ரூபாயும் போட்டிருந்தார்கள். அது பங்குச் சுவாமியிடம் போய்விட்டது. மிச்சத் துண்டுகளுக்கு என் பதில்கள் இவை. நான் குருவானவர் இல்லை, ஞானோபதேசம் படிப்பித்துத் தலை நரைத்தவள். அந்த அளவுக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரீச்சர், தினமும் சமையல், உடுப்புத் தோய்ப்பு, பிள்ளைகளின் சண்டை. இதில் நன்றி சொல்ல என்ன இருக்கு? (முழங்காவில்)

"எல்லா நன்மைகளுக்கும் நன்றி" என்று தொடங்குவதால்தான் ஒன்றும் ஞாபகத்துக்கு வருவதில்லை. எல்லாம் என்று சொன்னால் எதுவுமே சொல்லாத மாதிரித்தான். என் அம்மம்மா முற்றத்தில் பாயைப் போட்டுக்கொண்டு, "இண்டைக்குக் கிணறு வத்தேல்லை, நன்றி ஆண்டவரே. சிவப்பி சாணியை மிதிக்காமல் பால் கறக்க விட்டுது, நன்றி" என்று சொல்லுவா. சிவப்பி எங்கள் மாடு. சின்ன வயதில் எங்களுக்குச் சிரிப்பு வரும். 2009இல் போர் முடிந்து முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தபோதுதான் அந்தச் செபத்தின் அருமை விளங்கியது. அங்கே ஒரு வாளி தண்ணீர் பெரிய விசயம். அன்றைக்கு வரிசையில் என்னை முன்னுக்கு விட்ட பெண்ணுக்காக இரவு நன்றி சொன்னேன். அவவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இன்று நடந்ததில் மூன்றை மட்டும் எடுங்கள். ஆள், பொருள், நேரம் என்று குறித்துச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் ஆளுக்கொன்று சொல்ல விடுங்கள். சண்டை அன்றைக்கே நிற்காது, ஆனால் "அண்ணா எனக்குப் பென்சில் தந்தவன்" என்று ஒன்று வாயைத் திறக்கும்.

முதலில் பாவமன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா?

என் விருப்பம் நன்றிதான். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கற்பித்த, நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்மச் சோதனையில் முதல் படி, கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்வது. குற்றங்களைப் பார்ப்பது அதற்குப் பிறகு. பெற்றதை எண்ணிப் பார்த்தவருக்குத்தானே தான் எதில் தவறினோம் என்று தெரியும்? நாங்கள் பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபச் செபத்தில் தொடங்கி அப்படியே நித்திரைக்குப் போய்விடுகிறோம்.

இவர் மெதடிஸ்ட், நான் கத்தோலிக்கம். ஒன்றாகச் சொல்ல என்ன செபம் இருக்கு? (கிளிநொச்சி)

நிறைய இருக்கிறது. 136ஆம் சங்கீதத்தை எடுங்கள். 26 வசனங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே பதில்: அவர் அன்பு என்றும் உள்ளது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பதில் சொல்லலாம், வாசிக்கத் தெரியாத சின்னதும் சேரும். அப்புறம் மரியாளின் பாடல், லூக்கா முதலாம் அதிகாரம் 46 முதல் 55 வரை. எங்கள் திருச்சபையின் மாலைச் செபமான மாலைப் புகழில் அது ஒவ்வொரு நாளும் வருகிறது. உங்கள் மாமியின் பைபிளிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கர்த்தரா ஆண்டவரா என்று சண்டை பிடிக்காதீர்கள், கேட்பவர் ஒருவர்தான்.

ஓஎல் சோதனை எழுதப் போகிறேன். செபமாலையில் மூன்றாவது பத்திலேயே நித்திரை வருகிறது. பாவமா?

இல்லை மகன். எழுந்து நின்று சொல்லு. அப்படியும் முடியாவிட்டால் ஒரு பத்து, அதாவது பத்து மணிகள், சொல்லிவிட்டுப் படு.

வெட்டுக்கு ஒரு கிழமை இருக்க யானை வந்து பாதி வயலை உழக்கிவிட்டது. மிச்சம் மழையில் சாய்ந்தது. பசளைக் கடன் அப்படியே நிற்கிறது. இதற்கும் நன்றி சொல்லவேண்டுமா?

யானைக்கும் கடனுக்கும் நன்றி சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை, தம்பி. பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியது, எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்று. எல்லாச் சூழ்நிலைக்காகவும் என்று அவர் அந்த இடத்தில் எழுதவில்லை. பழைய ஏற்பாட்டில் அபக்கூக்கு இறைவாக்கினரின் மூன்றாம் அதிகாரத்துக் கடைசியைப் படித்துப் பாருங்கள். அத்தி பூக்கவில்லை, வயல் விளையவில்லை, தொழுவத்தில் மாடில்லை என்று நட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணிய பிறகுதான் "ஆனாலும் ஆண்டவரில் களிகூருவேன்" என்கிறார். எங்கள் ஆட்கள் சிலர் முதல் பாதியை விட்டுவிட்டு நேரே அல்லேலூயாவுக்குத் தாவுகிறார்கள். உங்கள் கணக்கை முழுதாகச் சொல்லி அழுதுவிட்டு, மிச்சமிருக்கும் பாதி வயலுக்கு வாருங்கள்.

திங்களும் சனியும் செபமாலையில் மகிழ்ச்சி மறைபொருள் வருகிறது. மகனைத் தொலைத்தவள் நான். அதைச் சொல்ல வாய் வருகிறதில்லை.

அக்கா, இந்தத் துண்டை நான் பல தரம் வாசித்தேன்.

அந்த மறைபொருளில் நாங்கள் நினைக்கும் ஐந்து நிகழ்ச்சிகளையும் ஒருக்கால் மெதுவாகப் பாருங்கள். நாலாவதில் பிள்ளையைக் கோவிலில் ஒப்புக்கொடுக்கப் போன தாயிடம், உன் உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் சொல்கிறார். ஐந்தாவது, காணாமற் போன பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தேடியது. முதலில் உறவினரிடமும் தெரிந்தவர்களிடமும் விசாரித்தார்கள், பிறகு வந்த வழியே திரும்பி எருசலேமுக்கு நடந்தார்கள். விசாரிப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மாதா மூன்று நாளில் கண்டா. நீங்கள் 2009இல் தொடங்கித் தேடுகிறீர்கள். அது இரண்டும் ஒன்று என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆனால் தேடிய தாயின் பதற்றம் மகிழ்ச்சி மறைபொருளுக்குள்ளேயே இருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் வரவேண்டும் என்றில்லை. ஐந்தாவது பத்தை அவன் பெயரைச் சொல்லியே தொடங்குங்கள். சொல்ல முடியாத நாளில் மணியைக் கையில் பிடித்தபடி சும்மா இருங்கள், நாங்கள் உங்களுக்காகவும் சொல்லுகிறோம். நன்றி சொல்ல முடிந்தால், அவன் உங்களோடு இருந்த ஒரு பின்னேரத்துக்காகச் சொல்லுங்கள். ஒன்றே போதும்.

கரண்ட் இல்லாத நாளில் என்ன செய்வது?

மெழுகுதிரி கொளுத்துங்கள். விளக்கேற்றும் நேரத்தில் கிறிஸ்துவை ஒளி என்று பாடுவது மிகப் பழைய வழக்கம். நாலாம் நூற்றாண்டில் ஆயர் பசிலியார் அந்தப் பாட்டைப் பற்றி எழுதும்போதே, அது முன்னோர் காலத்துப் பாட்டு என்கிறார். போனின் வெளிச்சமும் பரவாயில்லை, வட்ஸ்அப்பை மட்டும் நிற்பாட்டுங்கள்.

நேற்று நீங்கள் எதற்கு நன்றி சொன்னீர்கள் ரீச்சர்?

பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டது. ஒரு செம்பு கடும்புப்பால் தந்துவிட்டார்கள். அடுப்பில் வைத்துக் கிண்டக் கிண்டத் திரைந்து வந்தது, வீடெல்லாம் ஏலக்காய் மணம். சீனிதான் போதாமல் போய்விட்டது. அதை நான் செபத்தில் சொல்லவில்லை.