குட்டி போடும் காலமும் கம்பளிச் சந்தையும்: கேள்வி பதில்

மேரிலாந்தில் நாங்கள் ராம்னி, ஷெட்லாண்ட் ரகச் செம்மறிகள் கொஞ்சமும், கூடவே சில அல்பாக்காக்களும் (கம்பளி தரும் ஒட்டகக் குடும்பத்து விலங்கு) வளர்க்கிறோம். பின்னல் வேலையும் நூல் நூற்பும் பழகும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில், வசந்தகாலம் தொடர்பானவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன்.

அக்கா, மார்ச் குளிரில், அதுவும் சினை ஆட்டுக்கு முடி வெட்டுகிறீர்களாமே. பாவமில்லையா? (எடிசன், நியூஜெர்சி)

பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் குட்டி போட நான்கு முதல் ஆறு வாரம் இருக்கும்போதே வெட்டிவிடுகிறோம். முழுக் கம்பளி போர்த்திய ஆட்டுக்குக் குளிர் உறைக்காது. கொட்டுகிற மழையில் வெட்டவெளியிலேயே குட்டி போட்டுவிட்டு நிற்கும். நனைந்த குட்டி கொஞ்ச நேரத்தில் விறைத்துவிடும். கம்பளி போன ஆடு தனக்கே குளிர்வதால் தானாகக் கொட்டகைக்குள் வந்துவிடும். மடியும் மறைவில்லாமல் தெரியும். புதுக்குட்டி அழுக்குக் கம்பளிக் கொத்தைச் சப்பிக்கொண்டிருக்காமல் நேரே காம்பைப் பிடிக்கும்.

நூற்பவர்களுக்கு இன்னொரு காரணம் முக்கியம். குட்டி போடும் சமயத்தில் ஆட்டின் சத்தெல்லாம் குட்டிக்கும் பாலுக்கும் போய்விடுகிறது. அந்த நாட்களில் வளரும் இழை மெலிந்துபோகும். முன்கூட்டியே வெட்டியிருந்தால் அந்த மெலிவு அடுத்த ஆண்டுக் கம்பளியின் நுனிப்பக்கம் விழும். இல்லையென்றால் இழையின் நடுவில் விழுந்து, சீவும்போது பாதியில் ஒடிந்து துணுக்குத் துணுக்காக வரும். வெட்டிய பின் தீனியைக் கூட்ட வேண்டும், காற்றும் மழையும் புகாத கொட்டகை வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் வெயில் வரும்வரை காத்திருப்பதே நல்லது.

வெட்டும் ஆள் வருவதற்கு முந்தின இரவே தீனியை நிறுத்திவிடுவோம். ஆட்டைப் பின்புறத்தில் உட்கார வைத்துச் சாய்த்துத்தான் வெட்டுவார்கள். வயிறு நிறைந்திருந்தால் மூச்சு முட்டும். ஆடு நனைந்திருந்தால் வெட்டக்கூடாது, மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். கைதேர்ந்தவர் இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு ஆட்டை முடித்துவிடுவார். கம்பளி ஒரே விரிப்பாகக் கழன்று வரும்.

வெட்டாமலே விட்டால் என்ன ஆகும்? (டொராண்டோ)

2015-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்கு அருகே தன்னந்தனியாகத் திரிந்த மெரினோ ஆடு ஒன்றைப் பிடித்தார்கள். அதன் மேலிருந்து இறங்கிய கம்பளி 40 கிலோவுக்கு மேல். நடக்கவே தடுமாறியது அந்த ஆடு. ஷெட்லாண்ட் போன்ற சில பழைய ரகங்களில் மட்டும் வசந்தத்தில் கம்பளி தானாகக் கழலும், கையாலேயே உருவி எடுத்துவிடலாம். மற்றவற்றுக்கு மனிதன்தான் வெட்டிவிட வேண்டும்.

ராத்திரியில் எப்போது குட்டி வரும் என்று எப்படித் தெரியும்? தூங்கவே மாட்டீர்களா? (ஹூஸ்டன்)

ஏப்ரலில் தூக்கம் குறைவுதான். செம்மறியின் சினைக்காலம் சுமார் 147 நாள். நவம்பர் 5-இல் கிடாவைப் பட்டிக்குள் விட்டால் ஏப்ரல் 1 வாக்கில் முதல் குட்டியை எதிர்பார்க்கலாம். அதனால் நாள் கணக்கு முன்னமே தெரியும். மணிக்கணக்குத்தான் தெரியாது. மடி இறுகி, ஆடு கூட்டத்தை விட்டு ஒதுங்கித் தரையைக் காலால் பறித்தால் நேரம் நெருங்கிவிட்டது.

முன்னங்கால் இரண்டும், அவற்றின் மேல் மூக்கும் முதலில் தெரிந்தால் கையை வைக்காதீர்கள். புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அவசரப்பட்டு இழுப்பது. அரை மணி நேரம் பலமாக முக்கியும் முன்னேற்றமில்லை, அல்லது தலை மட்டும் வந்து கால் வரவில்லை என்றால் மருத்துவரையோ அனுபவப்பட்டவரையோ கூப்பிடுங்கள்.

பிறந்ததும் தொப்புள்கொடியை அயோடினில் முக்க வேண்டும். பிறகு சீம்பால். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்பு கருவிலேயே ஓரளவு கிடைத்துவிடும். ஆட்டுக்குட்டிக்கு அது சீம்பால் வழியாக மட்டும்தான். குட்டியின் குடல் அதை முழுசாக உறிஞ்சுவதும் முதல் சில மணி நேரம்தான். ஒரு நாள் கடந்தால் குடித்தும் பயனில்லை. குட்டி காம்பைப் பிடித்ததைக் கண்ணால் பார்க்காமல் நான் கொட்டகையை விட்டு நகர்வதில்லை. அப்புறம் தாயையும் குட்டிகளையும் ஒன்றிரண்டு நாள் சின்னத் தடுப்புக்குள் தனியாக வைப்போம், வாசனை பழகுவதற்கு.

வெள்ளாட்டுத் தீவனம் மிச்சமிருக்கிறது. செம்மறிக்குப் போடலாமா? (ராலே, வட கரோலினா)

போடாதீர்கள். அதில் செம்பு அதிகம். செம்மறியின் ஈரலில் செம்பு சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் திடீரென்று ஆட்டைச் சாய்த்துவிடும். தாது உப்பும் செம்மறிக்கென்று எழுதியதாகவே வாங்குங்கள்.

உங்கள் ஊர் ஈரப்பதத்தில் வயிற்றுப்புழுவையும் கவனியுங்கள். ரத்தம் உறிஞ்சும் வகை அது, குட்டி போட்ட தாய்க்கு அதிகம் ஏறும். கீழ் இமையைத் திருப்பிப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் மருந்து. எல்லா ஆட்டுக்கும் மொத்தமாக மருந்து ஊற்றினால் புழுவுக்கு அது பழகிவிடும்.

அல்பாக்கா ஒன்று வளர்க்க ஆசை. (வர்ஜீனியா)

ஒன்று வேண்டாம், தனியாக இருந்தால் ஏங்கிப்போகும். குறைந்தது மூன்று இருக்கட்டும். மே மாதம் வெயில் ஏறுவதற்குள் ஆண்டுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். செம்மறி போல உட்கார வைக்க முடியாது, கால்களைக் கட்டி நீட்டிப் படுக்கவைத்து வெட்டுவார்கள். எல்லாம் ஒரே இடத்தில் சாணம் போடுவதால் சுத்தம் செய்வது சுலபம். நம் பக்கத்து மான்களிடமிருந்து ஒட்டும் மூளைப்புழுதான் பெரிய பயம்; தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் முதல் நாளே பேசுங்கள். முதலீடு என்று யாராவது விற்க வந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் அல்பாக்கா விலை எகிறியதையும் சரிந்ததையும் எல்லோரும் பார்த்தாயிற்று.

நான் சைவம். ஆண் குட்டிகளை என்ன செய்கிறீர்கள் என்று நேர்மையாகச் சொல்ல முடியுமா? (சியாட்டில்)

சொல்கிறேன். விதை நீக்கிய ஆண் ஆடு அருமையான கம்பளி தரும். சினை, பால் என்ற தேய்மானம் அதற்கு இல்லை. எங்களால் முடிந்தவரை வைத்துக்கொள்கிறோம், நூற்பவர்களுக்கும் விற்கிறோம். ஆனால் ஆண்டுதோறும் பிறப்பதில் பாதி ஆண். எல்லாவற்றுக்கும் புல் கிடையாது. மீதி இறைச்சிக்குப் போகிறது. கம்பளியை மொத்த வியாபார விலைக்கு விற்றால் வெட்டுக்கூலிக்கே காணாது. குட்டி விற்ற பணமில்லாமல் பெரும்பாலான சிறு பண்ணைகள் நடக்காது. அது ஒப்பவில்லை என்றால், குட்டி போட வைக்காமல் ஆண் ஆடுகளை மட்டும் வளர்க்கும் வழி இருக்கிறது.

மே மாதம் மேரிலாந்து கம்பளி விழாவுக்கு முதன்முறை வருகிறேன். வெட்டிய கம்பளியை எப்படிப் பார்த்து வாங்குவது? (பிட்ஸ்பர்க்)

மே முதல் வார இறுதியில், வெஸ்ட் ஃப்ரெண்ட்ஷிப் என்ற ஊரில் நடக்கும். ஆட்டுக் கண்காட்சி, ஒரே நாளில் கம்பளியை நூற்று நெய்து சால்வையாக்கும் குழுப்போட்டி எல்லாம் பார்க்கலாம். ஆனால் கம்பளி வாங்குவதானால் முதல் வேலையாக விற்பனைக் கூடத்துக்குப் போய்விடுங்கள், நல்லது சீக்கிரம் போய்விடும்.

விரற்கடை அளவு ஒரு கொத்து எடுத்து, இரு முனையையும் பிடித்துக் காதருகே வெடுக்கென்று இழுங்கள். டங்கென்று தெளிவாக ஒலித்தால் இழை உறுதி. நரநரவென்றாலோ அறுந்தாலோ வைத்துவிடுங்கள். முன்பு சொன்ன அந்த மெலிவு இங்கேதான் பிடிபடும். கழுத்துப்பக்கம் விரித்துப் பாருங்கள், உலர்புல் துணுக்கு நிறைய ஒட்டியிருந்தால் அது நூலிலும் வரும். புழுக்கை ஒட்டிய ஓரங்களையும் வயிற்றுக் கம்பளியையும் பண்ணைக்காரரே கழித்திருக்க வேண்டும். மெரினோ வகை என்றால் கழுவியதும் கம்பளியிலேயே ஊறும் மெழுகும் அழுக்கும் போய்ப் பாதி எடைகூட மிஞ்சாமல் போகலாம். ராம்னி அவ்வளவு இழக்காது. முதல் கம்பளிக்கு ராம்னிதான் என் சிபாரிசு. இழை நீளம், கைக்கு வசப்படும்.

கழுவும்போது கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு. கம்பளியை அமுக்கி மூழ்கவைத்துவிட்டுச் சும்மா இருங்கள். கசக்கினால் கெட்டித்துக் கம்பளமாகிவிடும். தண்ணீர் ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரைந்த மெழுகு திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்.

மே மாதம் வர முடியாதவர்களுக்கு: நியூயார்க் மாநிலத்தில் ரைன்பெக் என்ற ஊரின் கம்பளி விழா அக்டோபர் மூன்றாம் வார இறுதியில். தங்குமிடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, இப்போதே பதிவு செய்யுங்கள்.