மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு மனநல ஆதரவு என்று தனியாக எதற்கு? போகப்போகப் பழகிவிடாதா?

பழகும். ரத்தம் பழகும், வாடை பழகும், விடியற்காலை மூன்று மணிக்குத் தூங்காமல் நிற்பது பழகும். ஒருவர் இறந்த கட்டிலை ஒரு மணி நேரத்துக்குள் துடைத்து, விரிப்பு மாற்றி, அடுத்தவரைப் படுக்க வைப்பதுகூடப் பழகிவிடும். நான் 17 வருடமாக நர்ஸ், அதில் 11 வருடம் ஐசியூ. எனக்குப் பழகாமல் போனது ஒன்றுதான்: என் கையால் நடந்த ஒரு தவறு.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வேலைக்குச் சேர்ந்து அதிகம் போனால் ஒரு வருடம் ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. ஏதோ நடந்திருக்கிறது. சீனியர் யாரிடமோ சொல்லியிருக்கிறீர்கள். "இதெல்லாம் போகப்போகப் பழகிடும்" என்று பதில் வந்திருக்கிறது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் மன்னியுங்கள். ஆனால் அதே பதிலை எனக்கும் சொன்னார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. தொடர்ந்து மூன்றாவது நைட் டியூட்டி. மூன்று பேர் பார்க்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் இருந்தோம். என் பொறுப்பில் நாலாம் நம்பர் கட்டிலில் ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி வந்தவர். சிரிஞ்ச் பம்ப்பில் (குறித்த வேகத்தில் மருந்தை ஏற்றும் கருவி) இன்சுலின் ஓடிக்கொண்டிருந்தது. 50 மில்லியில் 50 யூனிட், அதாவது மில்லிக்கு ஒரு யூனிட். நள்ளிரவில் வேகத்தை மாற்றச் சொல்லி ஆர்டர் ஷீட்டில் 2.0 என்று எழுதியிருந்தது. அந்தப் புள்ளி தாளில் அச்சிட்டிருந்த கோட்டின் மேலேயே விழுந்திருந்தது. நான் 20 என்று படித்தேன். பம்ப்பிலும் 20 என்றே அடித்தேன்.

மணிக்கு 20 யூனிட் யாராவது எழுதுவார்களா, இது தெரியாமல் என்ன ஐசியூ நர்ஸ் என்று இதைப் படிக்கும் யாராவது கேட்பீர்கள். எனக்குத் தெரியும். வேறு எந்த நேரத்தில் கேட்டிருந்தாலும் சட்டென்று சொல்லியிருப்பேன். அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். இன்சுலின் போன்ற மருந்துகளுக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதியும் இருந்தது. கூட இருந்தவள் அப்போது பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குத் தொண்டைக்குழாயில் சளி உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "போடுங்கக்கா, நான் வந்து கையெழுத்துப் போடுறேன்" என்று அங்கிருந்தே சொன்னாள். அவளை மாட்டிவிட இதை எழுதவில்லை. அவள் அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தால் அங்கே ஒருவருக்கு மூச்சு திணறியிருக்கும்.

நாற்பது நிமிடம் இருக்கும். ஆக்சிஜன் மாஸ்க் நழுவியிருக்கிறதே என்று சரிசெய்யப் போனேன். அந்த அம்மாவின் நெற்றி முடி ஈரத்தில் ஒட்டியிருந்தது. கழுத்தைத் தொட்டேன், சில்லென்று நனைந்திருந்தது. கூப்பிட்டால் முனகல் மட்டும். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38, ஆபத்தான அளவுக்குக் குறைவு. பம்ப்பைத் திரும்பிப் பார்த்தேன். பச்சை வெளிச்சத்தில் 20 என்ற எண் நின்றது. நிறுத்தினேன், டாக்டரைக் கூப்பிட்டேன், டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைக் கரைசல், ஏற்றினோம். கால் மணி நேரத்தில் கண் திறந்தார். என்னைப் பார்த்து, "ஏம்மா, உனக்கு ஏன் கை இப்படி நடுங்குது?" என்று கேட்டார்.

அவர் பிழைத்தார், பத்து நாளில் வீட்டுக்கும் போனார். நடந்ததை அவரிடமும் அவருடைய மகனிடமும் டாக்டர் மறைக்காமல் சொன்னார், நானும் பக்கத்தில் நின்றேன். எனக்கு வந்தது ஒரு மெமோ. கவனக்குறைவுக்கான காரணத்தை 24 மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் தர வேண்டும். எழுதிக் கொடுத்தேன். அன்று ராத்திரியும் எனக்கு டியூட்டி இருந்தது. தூங்கினாயா என்று அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பம்ப்பையும் நான்கு தடவை பார்க்காமல் நகர முடியவில்லை. அடுத்த டியூட்டிக்காரரிடம் ஹேண்டோவர் கொடுத்து முடித்துக் கிளம்ப ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. வீட்டில் வாஷிங் மெஷின் பீப் அடித்தால் எழுந்து நின்றுவிடுவேன். நாலாம் நம்பர் கட்டில் எனக்கு வரும் நாளில் யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்வேன். கேட்டதையே திரும்பக் கேட்ட ஒரு நோயாளியின் மகளிடம் கத்திவிட்டேன். அந்தப் பெண் அழுதுகொண்டே வெளியே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்றும் நடந்தது. நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்னை அறியாமல் நின்றுபோனது. "ஆறாம் நம்பர் கிட்னி", "ரெண்டாம் நம்பர் ஹார்ட்". வெளியிலிருந்து பார்த்தவர்கள் நான் தேறிவிட்டேன், உறுதியாகிவிட்டேன் என்று நினைத்தார்கள். உங்கள் கேள்வியில் உள்ள "பழகிவிடாதா" இங்கேதான் என்னைக் குத்துகிறது. இசபெல் மென்சீஸ் லித் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையின் செவிலியர்களை ஆராய்ந்து 1960-ல் வெளியிட்ட கட்டுரையில் இதே பேச்சைப் பதிவு செய்திருக்கிறார்: பெயருக்குப் பதில் கட்டில் எண், மனிதருக்குப் பதில் நோய்ப்பட்ட உறுப்பு. உள்ளே இருக்கும் பயத்தைத் தாங்க முடியாமல் மருத்துவமனையே இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துகொள்கிறது, அந்தப் பயமோ தீராமல் அப்படியே இருக்கிறது என்கிறார். நாம் பழக்கம் என்று சொல்வதில் பாதி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஐந்து வாரம் கழித்து எங்கள் இன்சார்ஜ் அக்கா, டியூட்டி நடுவில், என்னை லினன் ரூமுக்குக் கூட்டிப்போனார். என் கட்டில்களைப் பார்த்துக்கொள்ள வேறொருவரை நிறுத்திவிட்டுத்தான் கூப்பிட்டார். போர்வைக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, "மெமோவுக்குப் பதில் எழுதிட்டே. இப்போ நடந்ததை என்கிட்ட சொல்லு" என்றார். இருபது நிமிடம் இருக்கும். பாதி நேரம் அழுதேன். பிறகு அவர், தான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் ஆள் மாறி ஊசி போட்டதைச் சொன்னார். அத்தனை வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்த எனக்கு அது தெரியாது. கடைசியில் மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாத ஒரு உளவியலாளரின் நம்பரைக் கொடுத்தார்.

ஆறு தடவை போனேன். அவர் செய்த முதல் வேலை, அந்த ராத்திரியை மணிவாரியாக எழுத வைத்தது. 2.0 என்று எழுதிய கை, ஆள் குறைத்துப் போட்ட டியூட்டி ரோஸ்டர், பார்க்காமல் விழுந்த இரண்டாவது கையெழுத்து, உச்சவரம்பு வைக்காத பம்ப், எல்லாமே அந்தத் தாளில் வந்தது. என் பங்கும் அதில் இருந்தது. அது காணாமல் போகவில்லை, ஆனால் அதன் அளவு எவ்வளவு என்று தெரிந்தது. பிறகு பம்ப் அலாரத்தின் ஒலிப்பதிவைப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்து கேட்கச் செய்தார். முதல் நாள் பத்து விநாடிகூடத் தாங்கவில்லை.

இப்படித் தவறில் சிக்கிய மருத்துவர்களை, செவிலியர்களை "இரண்டாவது பாதிக்கப்பட்டவர்" என்று ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர் 2000-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். நோயாளிக்குச் சமமாக உன்னை வைத்துக்கொள்கிறாயா என்று கேட்பீர்கள். 2019-ல் அதே இதழில், மருத்துவத் தவறுகளால் சொந்தக்காரர்களை இழந்தவர்கள் அந்தச் சொல்லையே கைவிடுங்கள் என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னது நியாயம். எனக்கும் அந்தப் பட்டம் வேண்டாம். அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவருடைய குடும்பம் முதலில், நான் கடைசியில். நான் கேட்பதெல்லாம், கை நடுங்குகிற ஒருத்தியை அதே ராத்திரி திரும்பவும் ஏழு கட்டிலுக்கு நடுவில் விடாதீர்கள் என்பதுதான். அதனால் ஆபத்து அடுத்த நோயாளிக்குத்தான்.

ஆதரவு என்ற பெயரில் நடப்பதெல்லாம் ஆதரவு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் இடத்தில் மன அழுத்தம் பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். மத்தியானம் இரண்டரை மணி, வருகை கட்டாயம். நைட் முடித்தவர்கள் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து விடுவது எப்படி என்று கேட்டோம். மூச்சுப் பயிற்சி கெட்டது என்று சொல்லவில்லை, எனக்கே உதவியிருக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வைச் சேர்த்தபோது, அதை நோய் என்று வைக்கவில்லை; சமாளிக்க முடியாமல் நீடிக்கும் வேலையிட அழுத்தத்தால் வருவது என்று வைத்தது. வேர் வேலையில் இருக்கும்போது மருந்தை ஊழியருக்கு மட்டும் கொடுத்தால் எப்படி?

அதே மாதிரி, பெரிய சம்பவம் ஒன்று நடந்த மறுநாளே ஒவ்வொருவராக உட்கார வைத்து, மனதில் இருப்பதைக் கொட்டு என்று ஒரே ஒரு அமர்வில் முடிக்கும் முறை. இதைப் பற்றி 2002-ல் வந்த காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவது), அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயை (PTSD) இது தடுப்பதாகத் தெரியவில்லை, சிலருக்குக் கூட்டவும் செய்யலாம் என்றது. அதனால் பேச விரும்பாதவரை இழுத்துப் பேச வைக்காதீர்கள். லினன் ரூமில் அக்கா என்னைப் பேசச் சொன்னார் என்றாலும், எழுந்து போகும் வழியையும் விட்டுவைத்திருந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 2011-ல் தொடங்கிய ஏற்பாடு எனக்குப் பிடித்ததும் இதனால்தான். பயிற்சி பெற்ற சக ஊழியர்கள் அழைப்புக்குத் தயாராக இருப்பார்கள், கூப்பிட்டால் வந்து கேட்பார்கள், பேசியது ரகசியமாக இருக்கும்.

ரகசியம் என்பது சின்ன விஷயம் இல்லை. நியூயார்க்கில் அவசரப் பிரிவு மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டார். சிகிச்சை எடுத்தது தெரிந்தால் மருத்துவர் உரிமமே போய்விடுமோ என்று அவர் பயந்ததாக அவருடைய குடும்பத்தார் சொன்னார்கள். அவர் பெயரில் 2022 மார்ச்சில் அமெரிக்காவில் சட்டம் வந்தது, மருத்துவ ஊழியர்களின் மனநலத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கியது. நானும் உளவியலாளரிடம் போனதை நாலு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சர்வீஸ் ஃபைலில் ஏறிவிடும் என்ற பயம்.

ஆதரவு என்றால் டாக்டர், நர்ஸ் என்று மட்டும் நினைக்கிறார்கள், அதுவும் எனக்கு ஆற்றாமை. எங்கள் ஐசியூவில் நீண்ட நாள் இருந்த ஒரு பையனோடு துப்புரவு வேலை பார்க்கும் அக்கா தினமும் பேசுவார். அவன் இறந்த மறுநாள் காலி கட்டிலுக்கு அடியில் அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். தரை எப்போதோ காய்ந்துவிட்டது. எந்தக் கூட்டத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். தயவுசெய்து வார்டுக்குள் மொபைலில் எங்களைப் படம் எடுக்காதீர்கள். ஒரு முறை விடியற்காலை நாலு மணிக்கு, இரண்டு மணி நேர உயிர்காப்பு முயற்சி தோற்றுப்போன பிறகு, நானும் இன்னொரு பெண்ணும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். யாரோ அதை எடுத்து, நோயாளிகளைக் கவனிக்காமல் அரட்டை அடிக்கிறார்கள் என்று பரப்பினார்கள். அதை முதலில் பார்த்தது என் மகள். புகார் இருந்தால் எழுதிக் கொடுங்கள், விசாரிக்கட்டும், அது உங்கள் உரிமை. முகத்தைப் படம் எடுத்து ஊரெல்லாம் பரப்புவது வேறு.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஆள் பற்றாக்குறையை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு ஆலோசகரை நியமித்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் எதிலிருந்து வந்தது தெரியுமா? நான் உளவியலாளர் முன்னால் எழுதிய அந்தத் தாளை இன்சார்ஜ் அக்கா கேட்டு வாங்கி மேலே கொண்டுபோனார். சில மாதத்தில் ஒரு வரி சுற்றறிக்கை வந்தது: முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் எழுதக் கூடாது, 2 என்றால் 2 என்று மட்டுமே எழுத வேண்டும். மருந்துப் பாதுகாப்பில் வெகுகாலமாக உள்ள விதிதான், எங்களிடம் யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தது. அதை ஒட்டிய நோட்டீஸ் போர்டு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். அன்று ராத்திரிதான் முதல் தடவையாக முழுசாகத் தூங்கினேன்.

உங்களுக்கு நடந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி கண் முன்னால் வந்தால், குறிப்பிட்ட ஒரு கட்டிலையோ அறையையோ தவிர்க்கத் தொடங்கியிருந்தால், தூக்கம் கெட்டிருந்தால், உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அந்த அளவு இல்லை என்றால், தன் பழைய தவறை மறைக்காமல் சொல்லக்கூடிய சீனியர் ஒருவர் உங்கள் வார்டில் இருப்பார். அவரிடம் இருபது நிமிடம் கேளுங்கள். டியூட்டி முடிந்த பிறகு வேண்டாம், டியூட்டி நேரத்திலேயே, உங்கள் கட்டில்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை நிறுத்திவிட்டு.