இந்தோனேசியாவின் ருன் தீவு ஜாதிக்காய்க்குப் பாதி விலைதான் தருகிறார்கள், ஏன்?

ஈரம்தான் காரணமாக இருக்கும். நீங்கள் தங்கியிருக்கும் வீட்டில் பறித்துப் பத்தே நாளில் ஓட்டை உடைத்து விற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. ஓட்டோடு ஆறு முதல் எட்டு வாரம் காய வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரும். கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஐரோப்பிய ஒன்றியம் சரக்கை உள்ளே விடாது. அந்தப் பயத்தை வியாபாரி விலையில் கழித்துக்கொள்கிறார்.

இன்றைக்கே உடைக்காத காய் ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பருப்பு கடகடவென்று ஆடினால் காய்ந்துவிட்டது. சத்தமே வராவிட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அப்புறம், மரத்தடியில் விழுந்து கிடந்ததை, கழியில் கட்டிய மூங்கில் கூடையால் பறித்ததோடு கலக்கவே கூடாது. நாலு பூஞ்சைக் காய் மூட்டையையே கெடுத்துவிடும். கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவப்பு இழையான ஜாதிபத்திரியையும் தனியாக உலர்த்தச் சொல்லுங்கள், கிலோ விலை அதற்குத்தான் அதிகம்.

ஆனால் ஒன்று. எட்டு வாரம் பொறுக்க வீட்டில் அரிசிக்குக் காசு வேண்டும். அவர்கள் அவசரப்படுவது தெரியாமல் அல்ல, கடனால் இருக்கலாம். முதலில் அதைப் பக்குவமாகக் கேளுங்கள். 1667-இல் ஆங்கிலேயர் இந்தத் தீவை விட்டுக்கொடுத்தபோது டச்சுக்காரர் பதிலுக்கு இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டனையே விட்டார்கள். அந்த மண்ணின் காய் பாதி விலைக்குப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முடிந்தால் ஒரே ஒரு மூட்டையை மட்டும் முழுதாகக் காயவைத்து, பக்கத்துத் தீவான பண்டா நெய்ராவில் இரண்டு பேரிடம் விலை கேட்டுப் பாருங்கள்.