‘கள்’ போனால் செய்தி போச்சு

கேள்வி: பம்பலப்பிட்டியில் மாலை நேர ஊடக டிப்ளோமா படிக்கிறேன். ஈராக் போரை ஆதரித்த அமெரிக்க வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்போ 2007இல் ‘போலிச் சிப்பாய்கள்’ என்று சொன்ன சர்ச்சையை 250 சொற்களில் செய்தியாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். போரை எதிர்த்த படையினரை அவமதித்தார் என்கிறது ஒரு தரப்பு. ஒரேயொரு ஏமாற்றுக்காரரைத்தான் சொன்னார் என்கிறது மற்றது. எதை நம்பி எழுதுவது?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டு தரப்பையும் ஓரமாக வைத்துவிட்டு ஒலிப்பதிவைக் கேளுங்கள். பத்து விநாடித் துண்டு போதாது, முன்னும் பின்னும் வேண்டும்.

2007 செப்டெம்பர் 26. தொலைபேசியில் வந்த நேயர், ஊடகங்கள் உண்மையான படைவீரர்களிடம் பேசுவதில்லை, எங்கிருந்தோ முளைத்து வருபவர்களைத்தான் பிடிக்கின்றன என்கிறார். லிம்போ குறுக்கிட்டு ‘போலிச் சிப்பாய்கள்’ என்கிறார். ஜெசி மக்பெத் என்ற பெயர் வருவது ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து. ஈராக்கில் போரிட்டதாகக் கதை விட்ட இந்த மக்பெத், 44 நாளில் பயிற்சி முகாமிலிருந்தே அனுப்பப்பட்டவர். முதல் நாள்தான் லிம்போ அவரைப் பற்றிப் பேசியிருந்தார். ஆகவே ‘அவரை நினைத்துத்தான் சொன்னேன்’ என்ற விளக்கத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது.

ஆனால் இரண்டு நாள் கழித்து அதே பகுதியை அவர் மீண்டும் ஒலிபரப்பியபோது, நடுவில் ஒன்றரை நிமிடம் வெட்டுப்பட்டிருந்தது. போலிச் சிப்பாய்களும் மக்பெத்தும் அடுத்தடுத்த வசனம் போலக் கேட்டன. இதைச் சுட்டிக்காட்டியது, சர்ச்சையை முதலில் கிளப்பிய மீடியா மற்றர்ஸ் என்ற கண்காணிப்பு அமைப்பு. (அதுவும் லிம்போவுக்கு எதிர் முகாம்தான், அதையும் எழுதுங்கள்.) உங்கள் செய்தியின் உயிர் இந்த வெட்டில் இருக்கிறது.

சரி, மொழிபெயர்ப்புக்கு வருவோம். சண்டையே ஒருமை, பன்மையில்தான். தமிழில் ‘போலிச் சிப்பாய்’ என்று சும்மா எழுதிவிடலாம், காதுக்கும் உறுத்தாது. ஆனால் அந்தக் ‘கள்’ போனதும் நீங்கள் லிம்போ பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். ‘படையினர்’ என்று போட்டாலோ மொத்த இராணுவமும் உள்ளே வந்துவிடும். சிங்களச் செய்தி வழியாகப் பெயர்த்தால் இன்னும் கவனம்: அங்கே ‘ரணவிரு’ இருந்தால் அது வெறும் சிப்பாய் அல்ல, போர் வீரநாயகன். நான் செய்தி மேசையில் இருந்தபோது, இடம் போதவில்லையென்று ஒரு தலைப்பில் ‘சிலர்’ என்பதை வெட்டினேன். மறுநாள் மத்தியானம் வரை தொலைபேசியைக் கீழே வைக்க முடியவில்லை.

‘அவமதித்தார்’, ‘சாடினார்’ எல்லாம் தீர்ப்புகள். ‘என்றார்’ போதும். அவமதிப்பு என்று யார் சொன்னார்களோ அவர்கள் பெயரோடு அந்தச் சொல் வரட்டும்.

எதிர்வினை ஏன் அவ்வளவு சூடாக இருந்தது என்பதற்கு ஒரு பந்தி ஒதுக்குங்கள். ஈராக்கில் பணியிலிருந்த ஏழு படைவீரர்கள் அந்த ஓகஸ்டில் நியூயோர்க் டைம்ஸில் போர் போகும் போக்கை விமர்சித்து எழுதியிருந்தார்கள். அவர்களில் இருவர் செப்டெம்பர் 10ஆம் திகதி அங்கேயே இறந்தார்கள். அதே நாளில்தான், போர் எதிர்ப்பு அமைப்பொன்று ஈராக் படைத்தளபதி டேவிட் பெட்ரேயஸின் பெயரைத் துரோகி என்று ஒலிக்கும்படி திரித்து, அதே பத்திரிகையில் விளம்பரம் போட்டிருந்தது. செனட் அதைக் கண்டித்திருந்தது. போர் எதிர்ப்பாளர்கள் தளபதியை இழிவுபடுத்தினார்கள் என்ற அந்தக் கணக்கின் மறுபக்கமாக, போரை ஆதரித்த லிம்போவின் விவகாரம் வந்து சேர்ந்தது.

மற்றதைச் சுருக்கலாம். அப்போதைய செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் உட்பட 41 ஜனநாயகக் கட்சி செனட்டர்கள், லிம்போவின் நிகழ்ச்சிக்குப் பின்னாலிருந்த ஒலிபரப்பு நிறுவனத்தின் தலைவருக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார்கள். லிம்போ அந்தக் கடிதத்தையே ஈபேயில் ஏலம் விட்டார். 21 இலட்சம் டொலர் போனது. அதே அளவு தானும் போட்டு, உயிரிழந்த மரைன் படையினரின் பிள்ளைகளுக்கு உதவும் அமைப்பொன்றுக்குக் கொடுத்தார். வாசகரை இழுக்கும் கதைதான், ஆனால் அதை முதல் வரியில் வைத்தால் அவர் சொன்னது என்ன என்பதே மறைந்துவிடும்.

அப்புறம், ‘லிம்போ கூறுகிறார்’ என்று நிகழ்காலத்தில் எழுதிவிடாதீர்கள். மனிதர் 2021 பெப்ரவரியில் இறந்துவிட்டார்.