பிக் லைனோடு வீட்டுக்கு வரும் நோயாளி: நர்ஸிடம் எதைக் கவனிக்க வேண்டும்?
கீமோவுக்காகக் கையில் பிக் லைன் (கை ரத்தக்குழாய் வழியே இதயத்துக்கு அருகே வரை போகும் மெல்லிய மருந்துக் குழாய்) போட்டு வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாவுக்குத் தொற்று வராமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் குழாயின் வாய். ஒவ்வொரு முறை சிரிஞ்ச் இணைக்கும் முன்பும் நர்ஸ் அதை ஆல்கஹால் பஞ்சால் 15 வினாடியாவது அழுத்தித் தேய்த்து, உலர விட வேண்டும். அவசரத்தில் உலர விடுவதுதான் விட்டுப்போகும். தயங்காமல் நினைவூட்டுங்கள், நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சலைன் செலுத்த 10 மி.லி. சிரிஞ்ச் வேண்டும், சின்னதில் அழுத்தம் கூடிக் குழாய் கிழியலாம். ஒளி ஊடுருவும் டிரஸ்ஸிங்கை 7 நாளுக்கு ஒருமுறை மாற்றலாம், நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ உடனே. அந்தக் கையில் பிபி பார்க்க விடாதீர்கள்.

அப்புறம், வெளியே தெரியும் குழாயின் நீளத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். கூடியிருந்தால் உள்ளே இருக்கும் நுனி இடம் மாறியிருக்கலாம்; மருத்துவர் பார்க்கும்வரை மருந்து ஏற்றக்கூடாது. 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.